பூச்சியைக் கிட்டத்தில் படம் பிடிக்கலாம், செலவு கொஞ்சம்தான்



வானொலியில் பேச வந்தவன் போட்டோ எடுப்பதைப் பற்றிப் பேசுகிறானே, படத்தை இவன் எப்படிக் காட்டுவான் என்று சிலர் நினைப்பீர்கள். காட்ட முடியாதுதான். ஆனால் இன்று நான் சொல்லப்போவது நல்ல படத்தைவிட மோசமான படத்தைப் பற்றித்தான் அதிகம். அந்த மாதிரிப் படம் உங்கள் செல்போனிலும் பத்துப் பதினைந்து இருக்கும். பச்சையாக ஒரு மங்கல், நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. "இது என்ன பூச்சிங்க சார்?" என்று கேட்டு அதை அனுப்பியிருப்பீர்கள். பதில் வந்திருக்காது. வந்திருந்தால், அதை நம்பி மருந்து அடித்திருப்பீர்கள். பதில் வராததே மேல் என்று சில சமயம் தோன்றும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கெலமங்கலம் பக்கத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் மல்பெரித் தோட்டம், வி-1 ரகம். ஒரு கோடையில் கொழுந்துகள் சுருண்டு, இலை தடித்து, கருகருவென்று பச்சையாகி, கணுக்கள் நெருங்கிப் போயின. துக்ரா என்கிறோமே, அதுதான். இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சுவதால் வருவது. சுருண்ட கொழுந்தைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளைப் பஞ்சு. அந்தப் பஞ்சுக்குள் சின்னச் சின்னதாக நிறைய, அவற்றின் நடுவே நன்றாகப் பெருத்த சில. பெருத்தவை நகர்ந்துகொண்டிருந்தன. செல்போனைக் கிட்டே கொண்டுபோய் ஒரு படம் எடுத்து மருந்துக் கடையில் காட்டினேன். கடைக்காரர் பார்த்தார். "மாவுப்பூச்சிதாண்ணா. நல்லாப் பெருத்துக் கிடக்குது. அடிச்சிடுங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் காட்டிய படத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது, அவ்வளவுதான்.

அடித்தேன். மருந்து அடித்த இலையைப் புழுவுக்குப் போட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். புழு அப்போது நாலாம் தோலுரிப்பில் இருந்தது. எழுந்ததும் அசுரப் பசி. வெளியிலிருந்து இலை வாங்கி, வண்டி வைத்துக் கொண்டுவந்து போட்டேன். இருபது நாளில் துக்ரா முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் விவரம் தெரிந்த ஒருவர் தோட்டத்துக்கே வந்து கொழுந்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பக்கத்துத் தோட்டத்துல பொறிவண்டு விட்டிருந்தாங்களே, இங்க வரலியா?" வந்திருந்தது. அந்தப் பெருத்த வெள்ளைப் பூச்சிகள்தான் அவை. மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் குஞ்சுப் புழுக்கள். நான் காசு கொடுத்து மருந்து வாங்கிக் கொன்றது அவற்றைத்தான்.

இந்தப் பொறிவண்டு நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1898-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். வளர்ந்த வண்டு கறுப்பாக, தலைப்பக்கம் ஆரஞ்சு நிறமாக இருக்கும். அதைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாற்றுவது அதன் புழு. உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழை தொங்கும். தான் தின்கிற மாவுப்பூச்சி போலவே வேஷம். வித்தியாசம் என்ன என்றால், மாவுப்பூச்சி மூன்று நாலு மில்லிமீட்டருக்கு மேல் போகாது, அசையாமல் ஒட்டிக் கிடக்கும், மெழுகு இழை குட்டை. பொறிவண்டுப் புழு முழுசாக வளர்ந்தால் பதின்மூன்று மில்லிமீட்டர் வரை வரும், இழைகள் நீளம், தொட்டால் சுறுசுறுப்பாக ஓடும். தெளிவான ஒரு படம், பக்கத்தில் ஒரு அளவுகோல், இவ்வளவு இருந்திருந்தால் அந்தக் கடைக்காரரே சொல்லியிருப்பார்.

எங்கள் எல்லைப் பக்கத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஓசூரிலும் தளியிலும் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவோம். மாவுப்பூச்சியைத் தெலுங்கில் பிண்டி நல்லி என்பார்கள், கன்னடத்தில் ஹிட்டு திகணெ என்பார்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான், மாவு. ஆனால் தெலுங்கில் எர்ர நல்லி என்றால் அது செம்பேன், வேறு ஜாதி. போனில் "நல்லி வந்திருக்கு" என்று ஒருவர் சொன்னால் எந்த நல்லி என்று கேட்க வேண்டும். பெயரைச் சொல்லிக் குழம்புவதைவிடப் படத்தைக் காட்டுவது மேல்.

செம்பேன் என்றதும் மிளகாயும் ரோஜாவும் வைத்திருப்பவர்கள் காதைத் தீட்டியிருப்பீர்கள். மிளகாய் இலை மேல்பக்கமாகப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்து சுருண்டால் சிலந்திப்பேன் என்பது பொது அடையாளம். ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தால்? இலைப்பேன் பூச்சி, ஆறு கால். சிலந்திப்பேன் பூச்சியே அல்ல, சிலந்தி இனம், வளர்ந்ததற்கு எட்டுக் கால். இலைப்பேனுக்கு அடிக்கிற மருந்து பலவும் சிலந்திப்பேனைத் தொடாது. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் சிலந்திப்பேனைத் தின்கிற நல்ல பேன்கள் செத்து, சிலந்திப்பேன் பல மடங்கு பெருகுவதும் உண்டு. ஆகவே எந்தப் பேன் என்று தெரியாமல் அடிக்கிற மருந்து பணத்துக்கும் நஷ்டம், பயிருக்கும் கேடு. அளவைப் பாருங்கள்: இலைப்பேன் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ரோஜாவில் வருகிற இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன் அரை மில்லிமீட்டர். வெறுங்கண்ணுக்குத் தூசி மாதிரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செல்போனைப் பூச்சிக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோகலாம்? பெரும்பாலான போன்களில் முக்கியமான கேமரா எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குக் கிட்டே போனால் போகஸ் ஆகாது. நாமோ பூச்சி சின்னதாகத் தெரிகிறதே என்று இன்னும் இன்னும் கிட்டே போகிறோம். மங்கல் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே முதல் பாடம், பின்னால் வாருங்கள். ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, திரையில் பூச்சியின் மேல் விரலால் தொட்டு, அது தெளிந்த பிறகு எடுங்கள். பிறகு வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்ளலாம். திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுப்பதில் லாபம் இல்லை. அது இருக்கிற படத்தையே இழுத்துப் பெரிதாக்குவது. மாவில் தண்ணீர் ஊற்றினால் தோசை பத்து கூட வரும், ருசி வராது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பன்னிரண்டு மெகாபிக்சல் கேமரா என்றால் படத்தின் நீளவாக்கில் சுமார் 4,000 புள்ளிகள். பத்து சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து எடுத்தால், படத்துக்குள் அடங்குவது சுமார் பதினோரு சென்டிமீட்டர் அகலமுள்ள இடம். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 36 புள்ளி. மாவுப்பூச்சி நாலு மில்லிமீட்டர் இருந்தால் 140 புள்ளிக்கு மேல் கிடைக்கும், உருவம் தெரியும். மாம்பூவில் உட்காருகிற தத்துப்பூச்சிக்கும் இது போதும். இலைப்பேனுக்கு நாற்பது சொச்சம், ஒரு கோடு மாதிரி தெரியும். சிலந்திப்பேனுக்குப் பதினெட்டு புள்ளிதான். எட்டுக் காலையும் பதினெட்டுப் புள்ளியில் யார் எண்ணுவது? அங்கேதான் லென்சு வேண்டும்.

லென்சு என்றவுடன் ஆயிரக்கணக்கில் செலவு என்று பயப்படாதீர்கள். நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன். பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி கொடுப்பார்கள். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் செருகிக்கொள்வாரே, அதே ஜாதி. ஐ-கிளாஸ் என்பார்கள். ஓசூர்க்காரர்களுக்கு அது புதிதல்ல. 1984-இல் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை இருக்கிற ஊர் இது. நகைக்கடையில் கல்லைப் பார்க்க வைத்திருக்கும் மடக்கு லென்சும் இந்த வகைதான். அதில் பத்து மடங்கு, அதாவது 10 எக்ஸ் என்று போட்டிருக்கும்.

அந்தப் பத்து என்ன கணக்கு என்று கேட்டால், 250 மில்லிமீட்டரை லென்சின் குவியத் தூரத்தால் வகுத்தது. பத்து மடங்கு என்றால் குவியத் தூரம் 25 மில்லிமீட்டர். ஐந்து மடங்கு என்றால் 50. இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் லென்சைப் போன் கேமராவோடு ஒட்டி வைத்தபின், பூச்சி லென்சிலிருந்து ஏறக்குறைய அந்தக் குவியத் தூரத்தில் இருக்கும்போதுதான் தெளிவாக விழும். பத்து மடங்கு லென்சுக்கு இரண்டரை சென்டிமீட்டர், சுண்டுவிரலின் பாதி நீளம். பழைய பழக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் வைத்துவிட்டு "லென்சு சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பத்து மடங்கு லென்சை வைத்தால் படத்தில் அடங்கும் இடம் பதினோரு சென்டிமீட்டரிலிருந்து மூன்று சென்டிமீட்டராகக் குறையும். ஒரு மில்லிமீட்டருக்கு 130 புள்ளிக்கு மேல். இலைப்பேனின் சிறகு ஓரத்து மயிர் தெரிய ஆரம்பிக்கும். சிலந்திப்பேனுக்கு அறுபது சொச்சம். முதுகில் இரண்டு பக்கமும் கரும்புள்ளி இருப்பது தெரியும்.

இன்னும் பெரிதாக வேண்டுமா? பிள்ளைகள் விளையாடிவிட்டு உடைத்துப்போட்ட லேசர் டார்ச் வீட்டில் இருக்கும். அதன் முனையில் ஒரு பொட்டு லென்சு. பேட்டரியை எடுத்துவிட்டு முனையைத் திருகிக் கழற்றினால் வந்துவிடும். (பேட்டரி இருக்கும்போது உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம், கண் போய்விடும்.) அந்த லென்சைத் தலைமயிரில் குத்தும் கொண்டை ஊசியின் இரண்டு கம்பிக்கு நடுவே செருகி, ஊசியைப் போனின் பின்புறம் டேப் போட்டு ஒட்டினால், குவியத் தூரம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான லென்சு தயார். படத்தில் அடங்குவது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த இடம். ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 500 புள்ளி. சிலந்திப்பேனின் காலை எண்ணலாம், பக்கத்தில் உருண்டையாகக் கிடக்கும் முட்டையையும் பார்க்கலாம். ஆனால் இதில் கை நடுக்கம் ஐந்நூறு மடங்கு தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் நின்றபடி முடியாது. இலையைப் பறித்துத் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும்.

துணிக்கடைக்காரர்களும் தறிக்காரர்களும் இழை எண்ணுவதற்கு ஒரு மடக்குக் கண்ணாடி வைத்திருப்பார்கள். விரித்து நிறுத்தினால் தானே நிற்கும், லென்சுக்கும் துணிக்கும் உள்ள உயரம் தானே சரியாக அமையும். எனக்குப் பிடித்தது இதுதான். இலையின் மேல் அதை வைத்து, போனை அதன் தலையில் வைத்தால் தூரம் அளக்கிற வேலையே இல்லை. ஹாலந்து நாட்டில் 1670-களில் கிருமிகளை முதன்முதலாகப் பார்த்துச் சொன்ன லீவன்ஹூக் என்பவரும் துணி வியாபாரிதான். அவர் தாமே செய்த ஒற்றை லென்சுக் கருவியில்தான் பார்த்தார். அந்த யோசனையையே திரும்ப எடுத்து, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் மனு பிரகாஷ், 2014-இல் காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் என்ற நுண்ணோக்கியை வெளியிட்டார். அது 140 மடங்கு காட்டும், போனையும் பொருத்தலாம். பள்ளிக்கூடத்துக்கு மிக நல்லது. தோட்டத்துப் பூச்சிக்கு அது அதிகம் என்பேன். யானையின் காலை மட்டும் பார்ப்பது போல் ஆகிவிடும்.

போனைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. பின்புறம் மூன்று நாலு கேமரா இருக்கும், எது முக்கியமானது என்று தெரியாது. கேமராவைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள், எதை மூடும்போது திரை இருட்டாகிறதோ அதன் மேல்தான் லென்சை வைக்க வேண்டும். சில போன்கள் கிட்டே போனதும் தாமாகவே வேறு கேமராவுக்கு மாறிக்கொள்ளும். அந்தத் தானியங்கி மேக்ரோ வசதியை அணைத்துவிடுங்கள். இன்னொன்று, விலை குறைந்த போன்களில் 'மேக்ரோ' என்றே தனியாக ஒரு இரண்டு மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பார்கள். விளம்பரத்துக்கு வைத்தது. அதைவிட முக்கியக் கேமராவில் ஒரு சாண் தூரத்தில் எடுத்து வெட்டிய படமே பல சமயம் நன்றாக இருக்கும்.

வீட்டில் பழைய எஸ்.எல்.ஆர். கேமரா இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாண போட்டோ எடுத்தவர்களிடம் 50 மில்லிமீட்டர் லென்சு சும்மா கிடக்கும். பெங்களூரில் சிக்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழம்பொருள் சந்தையிலும் தேடலாம். அதைத் திருப்பி, முன்பக்கம் கேமராவைப் பார்க்கிற மாதிரி மாட்டினால் ஏறக்குறைய உயிரளவுப் படம் கிடைக்கும். திருப்பி மாட்ட ஒரு வளையம் விற்கிறார்கள், விலை சொற்பம். லென்சை நேராகவே வைத்து நடுவில் வெறும் குழாய் போடுவது இன்னொரு வழி. 50 மில்லிமீட்டர் லென்சுக்கு 50 மில்லிமீட்டர் நீளக் குழாய் போட்டால் உயிரளவு, 25 போட்டால் பாதி. குழாயில் கண்ணாடி கிடையாது, காற்றுதான். அதனால்தான் மலிவு. ஆனால் உயிரளவுக்கு வந்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும், அதற்குத் தக்கபடி நேரத்தைக் கூட்ட வேண்டும். தெளிவாக விழும் ஆழமும் குறைவு. எஃப் 8-இல் வைத்தால் மொத்தமே ஒரு மில்லிமீட்டர். பூச்சியின் தலை தெளிந்தால் வால் மங்கும். பூச்சியைப் பக்கவாட்டில், கேமராவுக்கு இணையாக வைத்து எடுத்தால் முழு உடம்பும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும்.

ஒட்டுப்போட்ட கருவியா என்று கூச்சப்பட வேண்டாம். நம் தமிழ்நாட்டு இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒன்று செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்து, அதைக் கொண்டுதான் யானைகளைப் படம் எடுத்தார்.

கருவியைவிடப் பெரிய விஷயம் காற்றும் வெளிச்சமும். ஓசூர், தளிப் பக்கத்துக் குளிர் நமக்கு இங்கே கைகொடுக்கிறது. மார்கழி, தை மாதங்களில் காலை ஏழு மணிக்குப் பூச்சி விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும், ஓடாது, பறக்காது. மாம்பூ பூக்கிற காலமும் அதுதான், தத்துப்பூச்சி பூங்கொத்துக்கு வருகிற காலமும் அதுதான். பத்து மணிக்கு மேல் அதே கொத்தைத் தட்டினால் சடசடவென்று முகத்தில் அடிக்கும், படம் எடுக்க விடாது. காலையில் காற்றும் குறைவு. அப்படியும் ஆடினால், இலைக்காம்பைத் துணிக் கிளிப்பால் ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடித்துவிடுங்கள். ஒரு குடையைக் காற்று வருகிற பக்கம் விரித்து வைப்பதும் உண்டு.

நடுப்பகல் வெயிலில் எடுத்தால் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கறுத்துப் போகும். பாலிஹவுஸ் வைத்து ரோஜா போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, மேலே போட்ட பாலித்தீனே வெயிலை வடிகட்டிக் கொடுக்கும். வெளியில் எடுப்பவர்கள் ஒரு டிரேசிங் பேப்பரையோ வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா மூடியையோ வெயிலுக்கும் இலைக்கும் நடுவில் பிடிக்கலாம். நிழல் விழும் பக்கம் ஒரு துண்டு தெர்மோகோல் வைத்தால் அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். போனில் உள்ள பிளாஷை லென்சு மாட்டியபின் போடாதீர்கள். இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் அது பூச்சியின் மேல் விழாது, விழுந்தாலும் எண்ணெய் தடவியது போல் பளபளக்கும்.

மாவுப்பூச்சிக்கு மட்டும் ஒரு தனி யுக்தி. பச்சை இலையில் வெள்ளைப் பூச்சி. கேமரா பச்சையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளை மெழுகு எரிந்துபோய் வெறும் பஞ்சாகத் தெரியும். என் பழைய படத்தில் நடந்தது அதுதான். பூச்சியைத் தொட்டு போகஸ் செய்தபின், பக்கத்தில் தோன்றும் சூரியப் படத்தைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். அப்போதுதான் மெழுகு இழை குட்டையா நீளமா என்று பிரிந்து தெரியும்.

போகஸ் விஷயத்தில், கிட்டத்தில் வந்தபின் திரையைத் தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள். முழங்கையைத் தொடையில் ஊன்றி, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு ஆட்டிக்கொண்டே தொடர்ச்சியாகப் பத்து இருபது எடுங்கள். ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு முப்பத்தாறுதான், கழுவி வந்தால்தான் தெரியும். இப்போது அந்தச் செலவு இல்லை. இருபதில் ஒன்று தெளிந்தால் போதும், மற்றதை அழித்துவிடலாம்.

எதை எடுப்பது? பலரும் பூச்சியை மட்டும் எடுத்து அனுப்புகிறார்கள். பார்க்கிறவருக்கு முதலில் முழுச் செடி, அடுத்து நோய் கண்ட கிளையோ கொழுந்தோ, அடுத்து இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும், கடைசியில் பூச்சி என்று வர வேண்டும். பூச்சியின் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுகோலோ பிள்ளைகளின் கிராப் தாள் துண்டோ இருக்கட்டும். நாணயம் வைக்க வேண்டாம். ஒரு ரூபாய்க் காசு என்கிறீர்கள், பழையது 25 மில்லிமீட்டர், 2011-இல் வந்தது 22, 2019-இல் வந்தது 20. எந்தக் காசு என்று அவர் வேறு தேட வேண்டும். பேன் வகைகளுக்கு, இலையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் விழும். தாளில் வைத்து எடுப்பது சுலபம்.

மக்காச்சோளத்தில் புழு என்றால் இரண்டே இடம். 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்காவில் அமெரிக்கப் படைப்புழுவை முதன்முதலாகக் கண்டார்கள். அந்த வருஷமே அது அத்திப்பள்ளியைத் தாண்டி நம் பக்கமும் வந்துவிட்டது. தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்து. ஆனால் அந்த ஒய் மங்கலாக வேறு புழுக்களுக்கும் இருக்கும். அதனால் வாலுக்கு முந்தின கண்டத்தில் சதுரமாக நாலு கரும்புள்ளி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே தலைக்கு ஒரு படம், வால் பக்கத்துக்கு ஒரு படம். அந்த வருஷம் பெங்களூர் ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்ட பிறகும், சாதாரணத் தண்டுத்துளைப்பான் என்று எண்ணி மருந்து அடித்தவர்கள் உண்டு.

புதுப் பூச்சி வரும்போது சீக்கிரம் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பப்பாளி மாவுப்பூச்சி சாட்சி. 2008-இல் கோயம்புத்தூரில் தெரிந்தது, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மருந்து அடித்து ஓய்ந்துபோனார்கள். 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி கொசுவைவிடச் சின்னது. அது உள்ளே முட்டையிட்ட மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, கடினமாகிவிடும். கிட்டத்துப் படத்தில் அந்த உப்பிய உடம்பும், குளவி வெளியே வந்த வட்டமான ஓட்டையும் தெரிந்தால், தோட்டத்தில் உங்களுக்குக் கூலி கேட்காத ஆள் வேலை செய்கிறான் என்று பொருள். மருந்துத் தெளிப்பானைக் கழுவி வைத்துவிடலாம்.

படத்தை யாருக்கு அனுப்புவது? வட்டார வேளாண்மை, தோட்டக்கலை அலுவலர்கள், பட்டு வளர்ச்சித் துறையினர், எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையம், பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம். ரோஜா, ஜெர்பரா போன்ற கொய்மலர் வைத்திருப்போர் தளியில் உள்ள கொய்மலர் மகத்துவ மையத்திலும் கேட்கலாம். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே பேசலாம், ஆனால் அது பேச்சுக்குத்தான். வாட்ஸப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த புள்ளியெல்லாம் போய்விடும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் சுருங்காது. கூடவே எந்த ஊர், என்ன பயிர், என்ன ரகம், எத்தனை நாள் பயிர், கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். எழுத வராதவர்கள் குரலிலேயே பேசி அனுப்பலாம்.

போன தடவை இதைப் பற்றிப் பேசியபோது சூளகிரிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டார்: "லென்சு வாங்கி வச்சேங்க. மழைக்காலத்துல உள்ளே வலை மாதிரி பூத்துடுச்சி. என்ன பண்றது?" அது பூஞ்சாளம். பூத்த பிறகு துடைத்தால் போகாது. லென்சைச் சட்டைப் பையிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் போட்டு வைக்காதீர்கள். ஒரு எவர்சில்வர் டப்பாவில், மாத்திரை பாட்டிலிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைச் சேர்த்துப் போட்டு மூடி வையுங்கள். மாதம் ஒரு முறை திறந்து அரை மணி நேரம் இளவெயிலில் காட்டுங்கள். ஆனால் குவியம் படுகிற இடத்தில் காய்ந்த புல்லோ வைக்கோலோ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.